பெயர் சொல்லாப் பாட்டும் பெயர் சொன்ன பாட்டும்: பிரித்தானிய வெகுசன இசையும் தன்பாலீர்ப்பினர் உரிமையும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் தன்பாலீர்ப்பினர் சட்டத்தின் முன் சமநிலை பெற்ற வரலாற்றை எழுதுவோர் நாடாளுமன்ற நடவடிக்கைகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையுமே முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். அவ்வரலாற்றின் ஓரத்தில் வெகுசன இசைக்கும் ஓர் இடம் தரப்படுவதுண்டு. ஆயினும் பாடியவர் யார், அவர் எப்போது தம்மை வெளிப்படுத்திக்கொண்டார் என்பன போன்ற வாழ்க்கைச் செய்திகளோடு அப்பேச்சு நின்றுவிடுகிறது. பாட்டின் மொழி என்ன செய்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. யார் யாரை நோக்கிப் பாடுகிறார், காதலிக்கப்படுபவர் எந்த மூவிடப்பெயரால் சுட்டப்படுகிறார், பழிச்சொல்லாக வழங்கிய ஒரு சொல்லைத் தன்மை இடத்தில் வைத்துச் சொல்லும் துணிவு எவ்வாறு பிறந்தது என்பவை மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரிய வினாக்கள். பிரித்தானிய வெகுசன இசை பெரும்பான்மையோரின் கருத்தை உடனடியாக மாற்றிவிடவில்லை. சிறுபான்மையோர் தம்மைப் பற்றித் தாமே பேசுவதற்கான ஓர் இலக்கணத்தை அது உண்டாக்கித் தந்தது. அதன் பங்களிப்பை அந்த இலக்கணத்தில்தான் தேடவேண்டும்.

தமிழில் நெடுங்காலம் வழங்கிய 'ஓரினச்சேர்க்கை' என்பது செயலை மட்டும் பெயராக்கிய சொல். அதில் ஆளும் இல்லை, அன்பும் இல்லை. சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் 2021 முதல் பிறப்பித்த ஆணைகளைத் தொடர்ந்து, மதிப்போடு சுட்டுவதற்கான சொற்பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. 'தன்பாலீர்ப்பு' என்பது ஈர்ப்பைச் சுட்டுவதால் இங்கு அதுவே ஆளப்படுகிறது. ஒரு சொல்லை மாற்றுவதற்கு நீதிமன்றத்தின் தலையீடு வேண்டியிருந்தது என்பது கீழ்வரும் வரலாற்றுக்கும் பொருந்தும் செய்தியாகும்.

சட்டமும் மறைமொழியும்

1885ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டம் ஆண்களுக்கிடையே எந்த நெருக்கத்தையும் 'பெரும் ஒழுக்கக்கேடு' என்ற தெளிவற்ற தொடரால் தண்டனைக்குரியதாக்கியது. எழுத்தாளர் ஆஸ்கார் ஒயில்ட் 1895இல் சிறை சென்றது இச்சட்டத்தின்கீழ்தான். 1957இல் வுல்ஃபெண்டன் குழு தன் அறிக்கையில் சட்டத்தைத் தளர்த்தப் பரிந்துரைத்தது. பத்தாண்டு கழித்து, 1967 ஜூலையில், பாலியல் குற்றங்கள் சட்டம் நிறைவேறியது. அதுவும் முழு விடுதலையன்று. இருவரும் 21 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும், 'தனியிடத்தில்' என்ற சொல்லுக்கு, மூன்றாமவர் எவரும் உடனில்லாத இடம் என்று பொருள் வரையறுக்கப்பட்டது, படைத்துறையினர் விலக்கப்பட்டனர், இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மட்டுமே சட்டம் பொருந்தியது. ஸ்காட்லாந்துக்கான மாற்றம் 1980இலும், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வட அயர்லாந்துக்கான மாற்றம் 1982இலும் வந்தன. பிரித்தானிய ஆட்சி 1860இல் இந்தியாவுக்கு இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவோ, வயது வந்தோரின் இசைவான உறவைப் பொறுத்தவரை செல்லாது என்று இந்திய உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளிக்கும் வரை நிலைத்திருந்தது.

இத்தகைய சட்டத்தின்கீழ் வாழ்ந்தோர் மொழியில் இரு வழிகளைக் கண்டனர். ஒன்று மறைமொழி. இலண்டன் நாடக அரங்குகளிலும் கப்பல்களிலும் வழங்கிய 'பொலாரி' இத்தாலிய மொழிச் சொற்களையும் உரோமானிச் சொற்களையும் எழுத்து மாறித் திருப்பிச் சொல்லும் இலண்டன் வழக்குகளையும் கலந்து உருவானது. ஆணுக்கு 'ஓமி', பெண்ணுக்குப் 'பலோன்', தன்பாலீர்ப்புடைய ஆணுக்கு 'ஓமி-பலோன்' என இரு பாற்பெயர்களையும் கூட்டி ஒரு பெயர் ஆக்கிய இதன் சொல்லாக்கம் தனி ஆய்வுக்குரியது. விந்தை என்னவெனில், 1965 முதல் 1968 வரை பி.பி.சி. வானொலியில் ஒலிபரப்பான 'ரவுண்ட் த ஹார்ன்' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சியில் ஜூலியன், சாண்டி என்ற இரு பாத்திரங்கள் பொலாரியிலேயே உரையாடின. சட்டம் குற்றம் எனக் கூறியதைப் பேசும் மொழியைக் குடும்பத்தினர் கூடியிருந்து கேட்டுச் சிரித்தனர். பொலாரி பின்னர் வழக்கொழிந்தது. மறைக்கவேண்டிய தேவை குறைந்ததும், சிரிப்புக்குரியதாக ஊரறிய ஒலித்ததும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 1990இல் மொரிசி பாடிய 'பிக்கடில்லி பலாரே', 2016இல் வெளியான டேவிட் போவியின் கடைசித் தொகுப்பிலுள்ள 'கேர்ள் லவ்ஸ் மீ' ஆகிய பாடல்களில் அதன் சொற்கள் தலைகாட்டுகின்றன.

மற்றொரு வழி, பொதுமொழியிலேயே ஒளிந்துகொள்வது. ஆங்கிலத்தில் தன்மையும் முன்னிலையும் பால் காட்டுவதில்லை, வினைமுற்றும் காட்டுவதில்லை, படர்க்கை ஒருமைப் பெயர் மட்டுமே காட்டும். ஆகவே காதற்பாட்டில் படர்க்கையைத் தவிர்த்துவிட்டால் காதலிக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்ற வினாவே எழாது. பெண்பாத்திரத்தின் வாயில் பாட்டை வைப்பதும் ஓர் உபாயம். நாடகாசிரியரும் பாடலாசிரியருமான நோயல் கவர்ட் 1932இல் இசைநாடகம் ஒன்றுக்கு எழுதிய 'மேட் அபௌட் த பாய்', திரைப்பட நடிகன் ஒருவன்மேல் மையல்கொண்ட பெண்கள் பாடுவதாக அமைந்தது. ஆண் பாடுவதற்கென அவர் எழுதிய வடிவம் அக்காலத்தில் மேடையேறவில்லை. ஒருவர் பெயரைச் சுட்டாது காதலைப் பாடுதல் தமிழ் அகத்திணையில் புலவர் விரும்பி ஏற்ற மரபு. அங்கு அது கேட்போர் எவரும் தம்மைப் பொருத்திப் பார்க்க இடந்தரும் அழகு. கவர்ட் காலத்து இங்கிலாந்தில் பெயர் மறைத்தல் அச்சத்தின் விளைவு. இரண்டும் வடிவத்தில் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல.

1970இல் 'கிங்க்ஸ்' குழுவினரின் 'லோலா' வெளிவந்தது. நடனவிடுதியில் சந்தித்த லோலா பெண்ணோ ஆணோ என்னும் மயக்கத்தைக் கருவாகக் கொண்ட இப்பாட்டை பி.பி.சி. ஏற்க மறுத்ததற்குக் காரணம் அம்மயக்கமன்று. பாட்டில் ஒரு குளிர்பானத்தின் வணிகப்பெயர் வந்ததே காரணம். பாடலாசிரியர் ரே டேவிஸ் அமெரிக்கப் பயணத்தின் இடையே இலண்டன் திரும்பி அந்த ஒரு பெயரை மட்டும் மாற்றிப் பாடிக் கொடுத்தார். தணிக்கையாளர்கள் சொற்களைத் தேடினார்களேயன்றிப் பொருளைத் தேடவில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

1972 ஜனவரியில் டேவிட் போவி 'மெலடி மேக்கர்' வார இதழின் பேட்டியில் தம்மைத் தன்பாலீர்ப்பினர் என்று கூறினார். அவ்வாண்டு ஜூலையில் தொலைக்காட்சியில் 'ஸ்டார்மேன்' பாடுகையில் உடனிருந்த கித்தார்க் கலைஞரின் தோள்மீது கை போட்டார். பின்னாளில் அக்கூற்றிலிருந்து அவர் விலகிக்கொண்டபோதும், அந்தக் காட்சி தங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அடுத்த தலைமுறை இசைஞர் பலர் நினைவுகூர்ந்துள்ளனர். எனினும் அது பேட்டியாலும் உடையாலும் சைகையாலும் நிகழ்ந்ததே தவிரப் பாட்டின் சொல்லால் நிகழவில்லை.

பல்லவியில் ஒரு சொல்

சொல்லால் நிகழ்ந்தது டாம் ராபின்சனின் 'கிளாட் டு பி கே' என்னும் பாட்டில். இலண்டனில் முதல் 'பெருமிதப் பேரணி' 1972 ஜூலை 1 அன்று நடந்தது. 1976ஆம் ஆண்டுப் பேரணிக்கென ராபின்சன் இப்பாட்டை இயற்றினார். 1978 பிப்ரவரியில் அவர் குழுவின் 'ரைசிங் ஃப்ரீ' இசைத்தட்டில் நேரடி நிகழ்ச்சிப் பதிவாக அது வெளிவந்து, தேசிய விற்பனை வரிசையில் 18ஆம் இடம் வரை சென்றது. பி.பி.சி.யின் முதல் வானொலி அலைவரிசை தன் வரிசை நிகழ்ச்சியில் அதே தட்டிலிருந்த வேறொரு பாட்டை ஒலிபரப்பிவிட்டு இதைத் தவிர்த்தது.

பாட்டின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. சரணங்கள் வஞ்சப்புகழ்ச்சியாகத் தொடங்குகின்றன. காவல்துறையைப் போற்றுவதுபோல் தொடங்கி, மதுவிடுதிகளில் காரணமின்றி நுழைந்து ஆட்களை இழுத்துச் செல்வதையும், தன்பாலீர்ப்பினரின் இதழ் தொல்லைக்குள்ளாவதையும், தெருவில் அடிபடுவதையும் அடுக்குகின்றன. 'கே நியூஸ்' இதழ் ஒரு கவிதையை வெளியிட்டமைக்காகத் தெய்வநிந்தனைக் குற்றத்துக்கு ஆளாகி, அதன் ஆசிரியர் டெனிஸ் லெமனுக்கு 9 மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை வழங்கப்பட்டது 1977இல்தான் என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம். சரணங்களில் துன்பம் விரிய, பல்லவியோ மதுவிடுதியில் அனைவரும் சேர்ந்து பாடும் மெட்டில் அமைந்து, 'இவ்வாறிருப்பதில் மகிழ்பவராயின் பாடுக' என்னும் நிபந்தனை ஏவலாக ஒலிக்கிறது.

இந்த ஏவலில்தான் பாட்டின் ஆற்றல் தங்கியுள்ளது. பல்லவியோடு குரல் சேர்ப்பவர் எவராயினும் நிபந்தனையை ஏற்றவராகிறார். 'கே' என்ற சொல்லைப் பிறர்மீது எறிவது எளிது. கூட்டத்தில் நின்று பாடும்போதோ அச்சொல் பாடுவோர்மீதே வந்து படிகிறது. செயலைக் குறிக்காமல், சொல்லப்படுவதனாலேயே செயலாகிவிடும் கூற்றுகளைப் பற்றி மொழிமெய்யியலார் பேசுவர். வாக்குறுதியும் மணவுறுதியும் அவர்கள் தரும் சான்றுகள். இப்பல்லவியையும் அவற்றோடு சேர்க்கலாம். 1978 ஏப்ரல் 30 அன்று இலண்டன் விக்டோரியா பூங்காவில் நடந்த இனவெறி எதிர்ப்பு இசைவிழாவில் ராபின்சன் குழு பாடியது. இளைஞராகக் கூட்டத்தில் நின்றிருந்த பாடகர் பில்லி பிராக், இப்பாட்டு ஒலித்தபோது தம்மைச் சுற்றியிருந்த ஆண்கள் ஒருவரையொருவர் முத்தமிட்டதைக் கண்டு முதலில் திகைத்ததையும், இனவெறிக்கு எதிரான போராட்டம் இவர்களையும் உள்ளடக்கியது என்று அன்று உணர்ந்ததையும் பலமுறை பொதுவில் கூறியுள்ளார். கருங்கல்லாய் இருந்த மனம் ஒரே பாட்டில் கரைந்தது என்பதன்று செய்தி. கருப்பின மக்களின் உரிமைக்காக வந்த ஒருவர், அருகில் நிற்பவரின் உரிமையைத் தற்செயலாகச் சந்திக்கும் இடத்தை அந்தப் பாட்டு உண்டாக்கியது என்பதே.

ராபின்சன் பல்லவியை மாற்றாமல் சரணங்களைக் காலந்தோறும் மாற்றிப் பாடினார். புதிய வழக்குகளும், செய்தித்தாள்களின் புதிய பழிகளும், பின்னர் எய்ட்ஸ் நோய்க்காலமும் அவற்றில் இடம்பெற்றன. ஒரு பனுவலுக்கு இத்தனை வடிவங்கள் இருக்கையில் எதை மூலம் எனக் கொள்வது என்ற பாடபேதச் சிக்கலை இப்பாட்டு வாய்மொழி இலக்கியம்போல எழுப்புகிறது. பின்னாளில் அவர் ஒரு பெண்ணோடு குடும்ப வாழ்வு மேற்கொண்டபோது செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. அவர் பாட்டைக் கைவிடவில்லை.

பாட்டின் பெயர் மொழிபெயர்ப்பாளரைத் திணறச் செய்வது. 'கிளாட்' என்பதும் மகிழ்ச்சி. 'கே' என்பதும் பழைய வழக்கில் மகிழ்ச்சியே. பொருளால் இரட்டையாக நின்ற இரு சொற்களில் ஒன்று புதுப்பொருள் ஏற்றுப் பிரிந்து சென்ற வரலாறு அந்தச் சிறு தொடரில் அடங்கியிருக்கிறது. நல்லதொரு பழஞ்சொல்லைத் திருடிவிட்டார்கள் என்ற முறையீடு அக்கால இங்கிலாந்தில் கேட்கப்பட்டது. மருத்துவமும் சட்டமும் தந்த பெயர்களை மறுத்து ஒரு மக்கட்குழு தனக்குத் தானே பெயரிட்டுக்கொண்டதன் விளைவே அம்முறையீடு. தமிழில் 'கே' என ஒலிபெயர்த்தால் உவகைப்பொருள் போய்விடும். பொருள்பெயர்த்தால் வரலாறு போய்விடும்.

முன்னிலையில் ஒரு கதை

1984ஆம் ஆண்டு இரு எதிரெதிர்ப் போக்குகளைக் காட்டுகிறது. அவ்வாண்டு ஜனவரியில் 'ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்' குழுவினரின் 'ரிலாக்ஸ்' பாட்டை பி.பி.சி. தடைசெய்தது, தடைக்குப் பின் அது விற்பனை வரிசையில் முதலிடம் பெற்று 5 வாரம் அங்கேயே இருந்தது. தடை விளம்பரமாக மாறியதற்கு மேல் அதில் ஆராய்வதற்கு அதிகமில்லை. அவ்வாண்டின் நடுவில் வெளிவந்து மூன்றாம் இடம் வரை சென்ற 'பிரான்ஸ்கி பீட்' குழுவினரின் 'ஸ்மால்டவுன் பாய்' அவ்வாறன்று. குழுவின் மூவரும், கிளாஸ்கோ நகரினரான ஜிம்மி சோமர்வில், ஸ்டீவ் பிரான்ஸ்கி, தென்கிழக்கு இங்கிலாந்தின் சௌத்எண்டைச் சேர்ந்த லாரி ஸ்டைன்பாக், தம் ஈர்ப்பை மறைக்காதவர்கள்.

இப்பாட்டில் 'கே' என்ற சொல் இல்லை. காதலும் இல்லை. விடியலில் சிறு பெட்டியோடு தொடர்வண்டி நிலையத்தில் நிற்கும் ஓர் இளைஞன், அவனைப் புரிந்துகொள்ள இயலாத தாய், ஊரில் பட்ட அடிகள், ஓடிவிடு என்னும் அறிவுரை ஆகியவையே உள்ளன. கதை பெரும்பாலும் முன்னிலையில் சொல்லப்படுகிறது. பாடுவோன் 'நான்' என்று தன் துயரைக் கூறவில்லை. 'அவன்' என்று பிறன் கதையாகவும் கூறவில்லை. 'நீ' எனக் கேட்போனையே கதைத்தலைவனாக்குகிறான். தொலைதூர ஊரில் தனித்திருந்து வானொலி கேட்கும் சிறுவனுக்குத் தன் வாழ்க்கையைத் தனக்கே திருப்பிச் சொல்லும் குரலாக அது அமைந்தது. ஆண்குரலின் வழக்கமான எல்லையைக் கடந்து மேலெழும் சோமர்வில்லின் உச்சக்குரலும் பால் வேறுபாட்டை மங்கச் செய்தது. காரணத்தைச் சொல்லால் கூறாமல் விட்ட பாட்டுக்கு, பெர்னார்ட் ரோஸ் இயக்கிய படக்காட்சி அக்காரணத்தைக் கண்முன் வைத்தது: நீச்சற்குளத்தில் ஒரு பார்வை, தெருவில் அடி, வீட்டுவாயிலில் காவலர், மகனோடு கைகுலுக்க மறுக்கும் தந்தை. பெயர் சொல்லாமை இங்கு அச்சத்தால் வந்ததன்று. அறிந்தே செய்த தெரிவு. கவர்ட்டின் மௌனத்துக்கும் சோமர்வில்லின் மௌனத்துக்கும் இடைப்பட்ட 50 ஆண்டுகளில் இலக்கண உத்தி மாறவில்லை. அதன் பயன் தலைகீழாயிற்று.

குழுவின் முதற்றொகுப்பு 1984 அக்டோபரில் 'த ஏஜ் ஆஃப் கன்சென்ட்' என்ற பெயரில் வந்தது. 'இசைவு வயது' என்ற சட்டச்சொல்லே அது. அட்டையில் நாஜிகளின் வதைமுகாம்களில் தன்பாலீர்ப்புடைய ஆண்களுக்கு அணிவிக்கப்பட்ட இளஞ்சிவப்பு முக்கோணம்; உள்ளுறையில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சட்டம் வகுத்த இசைவு வயதுகளின் பட்டியல். பிரித்தானியாவில் மற்றோருக்கு 16, தன்பாலீர்ப்புடைய ஆண்களுக்கு 21 என்ற வேறுபாட்டை நடனப்பாட்டு வாங்க வந்தவர்கள் அங்குப் படித்தனர். நாடாளுமன்றம் 1994 பிப்ரவரியில் அவ்வயதை 16 ஆக்கும் திருத்தத்தை 307க்கு 280 என்ற வாக்குகளால் தோற்கடித்து 18 என்று நிறுத்தியது. 16 ஆகச் சமமானது 2001 ஜனவரியில். உள்ளுறைப் பட்டியலுக்கும் சட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 16 ஆண்டுகள்.

சுரங்கத் தொழிலாளரோடு

அதே 1984இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நாட்டைப் பிளந்தது. மார்க் ஆஷ்டன், மைக் ஜாக்சன் ஆகியோர் தொடங்கிய 'சுரங்கத் தொழிலாளரை ஆதரிக்கும் தன்பாலீர்ப்பினர்' குழு, தென்வேல்சின் டுலைஸ் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு நிதி திரட்டியது. 1984 டிசம்பர் 10 அன்று இலண்டன் காம்டனில் நடந்த நிதிதிரட்டும் இசைநிகழ்ச்சியில் பிரான்ஸ்கி பீட் குழு முதன்மையாகப் பாடியது. 5,000 பவுண்டுக்கு மேல் திரண்டது. நிகழ்ச்சிக்கு இட்ட பெயர் 'பிட்ஸ் அண்ட் பர்வர்ட்ஸ்'. முதற்சொல் சுரங்கம், இரண்டாவது, வக்கிரர் என்னும் பழிச்சொல். மலிவுச் செய்தித்தாள்களின் தலைப்புகளில் காணும் மோனையைக் கையாண்டு, அவர்கள் வீசிய சொல்லையே தம் பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்டனர்.

வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1985 ஜூனில் இலண்டன் பெருமிதப் பேரணியின் முன்வரிசையில் வேல்சுச் சுரங்கத் தொழிலாளர் தம் கொடிகளோடு நடந்தனர். அவ்வாண்டுத் தொழிற்கட்சி மாநாட்டில் தன்பாலீர்ப்பினர் சமவுரிமைத் தீர்மானம் நிறைவேறியபோது தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வாக்குகள் அதற்குத் துணைநின்றன. இதை இசையின் வெற்றி என்று மட்டும் கூறுவது மிகை. நிதி திரட்டியவர்களின் உழைப்பும், பள்ளத்தாக்கின் பெண்கள் விருந்தினரை வீட்டில் தங்கவைத்த பண்பும் அதைவிடப் பெரியவை. இசை கூட்டத்தைக் கூட்டியது. தட்டு விற்ற புகழைப் பணமாக்கிக் கொடுத்தது. 26 வயதில் 1987இல் எய்ட்ஸ் நோயால் ஆஷ்டன் இறந்தார். சோமர்வில்லும் ரிச்சர்ட் கோல்சும் அமைத்த 'கம்யூனார்ட்ஸ்' குழுவின் 'ஃபார் எ ஃபிரெண்ட்' அவர் நினைவாக எழுந்த பாட்டு.

கணக்கு காட்டும் முரண்

வரலாற்றாசிரியர் கடக்க இயலாத ஒரு முரண் இங்கு உண்டு. பிரித்தானியச் சமூக மனப்பான்மை ஆய்வின்படி, தன்பாலுறவு 'எப்போதும் தவறு' என்று கூறியோர் 1983இல் 50 விழுக்காட்டினர். 1987இல் 64 விழுக்காட்டினர். 'ஸ்மால்டவுன் பாய்' வானொலியில் ஒலித்ததும், கம்யூனார்ட்ஸ் குழுவின் பாட்டு 1986இல் 4 வாரம் முதலிடத்தில் இருந்ததும் இவ்விரு ஆண்டுகளின் இடையில்தான். எய்ட்ஸ் பற்றிய அச்சமும், அதைப் பழியாக மாற்றிய செய்தித்தாள்களும் பெரும்பான்மைக் கருத்தை இறுகச் செய்தன. மக்கள் பாட்டை வாங்கினர்; பாடியவரை ஏற்கவில்லை. இசை சமவுரிமையை வளர்க்கும் என்று பொதுப்பட எழுதுவோர் இக்கணக்கை மறந்துவிடுகின்றனர்.

இறுகிய மனநிலையின் சட்ட வடிவமே 1988ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது, அதனைக் குடும்ப உறவாகப் 'பாவனை' செய்து பள்ளிகளில் கற்பிக்கக் கூடாது என்று அது கூறியது. வழக்கறிஞருக்கே விளங்காத அந்த வினைச்சொல்லே அதன் வலிமை. எது ஊக்குவித்தல் என்று தெரியாததால் ஆசிரியர் எதையும் பேசாமல் இருந்தனர். இப்பிரிவின்கீழ் எவரும் தண்டிக்கப்பட்டதில்லை, தேவையும் ஏற்படவில்லை. பாய் ஜார்ஜ் 'நோ கிளாஸ் 28' என்ற பாட்டை வெளியிட்டார். எதிர்ப்புப் பாட்டு என்ற முறையில் அது சிறப்பானதன்று. முதன்மையான செய்தி வேறு: சட்டம் பள்ளியையும் நூலகத்தையும் கட்டுப்படுத்தியது, வானொலியையும் இசைத்தட்டுக் கடையையும் அது கட்டுப்படுத்தவில்லை. ஸ்காட்லாந்தில் 2000இலும் மற்றப் பகுதிகளில் 2003இலும் அப்பிரிவு நீக்கப்படும் வரை, வகுப்பறையில் கேட்க இயலாததைப் பிள்ளைகள் பாட்டில் கேட்டனர். இசையின் பணியை அளக்க மனப்பான்மை ஆய்வைவிட இந்த இடைவெளியே தக்க அளவுகோல். 2012இல் 'எப்போதும் தவறு' என்றோர் 22 விழுக்காடாகக் குறைந்திருந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் 1980களில் அப்பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் என்பதை மட்டும் இங்குச் சுட்டலாம். காரண காரியத் தொடர்பாக அதை நிறுவ இயலாது.

இக்காலத்தில் 'பெட் ஷாப் பாய்ஸ்' இருவரும் மூன்றாவது வழியொன்றைக் கையாண்டனர். 1987இல் முதலிடம் பெற்ற 'இட்ஸ் எ சின்', பாவம் என்று கற்பிக்கப்பட்டதைப் பேசுகிறது. எது பாவம் என்று கூறவில்லை. எய்ட்ஸால் இறந்த நண்பரை எண்ணி எழுதப்பட்ட 'பீயிங் போரிங்' பாட்டிலும் நோயின் பெயர் இல்லை. பாடகர் நீல் டெனன்ட் 1994இல்தான் தம்மைப் பொதுவில் வெளிப்படுத்திக்கொண்டார். அதற்குமுன் அவர் பாட்டுகளைக் கேட்டோரில் அறிந்தோர் அறிந்தனர், அறியாதோர் தம் பொருளில் கேட்டனர். சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து மகாராட்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளிக்கல்வி பெற்ற ஃபிரெடி மெர்க்குரியும், 1991 நவம்பரில் இறக்கும் வரை, தம் பாட்டுகளில் இதைப் பேசவில்லை. இவர்களைக் கோழைகள் என்பது எளிது. அக்காலச் செய்தித்தாள்களைப் புரட்டிப் பார்ப்பவர் அவ்வாறு கூறத் தயங்குவர். பெண்பாற் பாடகியர் வரலாறு இன்னும் மங்கலானது. பெண்களிடையிலான உறவைப் பிரித்தானியச் சட்டம் குற்றமாக்கியதில்லை. ஆகவே எதிர்க்கவேண்டிய சட்டமும் இல்லை, பேசவேண்டிய சொல்லும் கிடைக்கவில்லை. 1970இல் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் ஒரு நாளிதழ்ப் பேட்டியில் தம் மனம் பெண்கள்பாலும் செல்லும் என்று கூறியது பெருந்துணிவு. அவர் பாட்டுகளில் அதன் சுவடு இல்லை.

படர்க்கைப் பெயர் வெளிப்படுதல்

இணைவாழ்வுச் சட்டம் 2004இலும் திருமணச் சட்டம் 2013இலும் நிறைவேறிய பின்னரும் பாட்டில் ஆண் ஆணை 'அவன்' என்று சுட்டுவது எளிதாகிவிடவில்லை. சாம் ஸ்மித்தின் 2014ஆம் ஆண்டு முதற்றொகுப்பு ஓர் ஆணின்மேல் கொண்ட கைகூடாக் காதலால் எழுந்தது என அவரே கூறினார். எவரும் தம் பாட்டாகக் கொள்ளவேண்டும் என்பதற்காகவே பால்காட்டும் பெயர்களைத் தவிர்த்ததாகவும் விளக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் 'இயர்ஸ் அண்ட் இயர்ஸ்' குழுவின் ஆலி அலெக்சாண்டர் மறுதலையான நிலையை எடுத்தார். ஆண்பாற் படர்க்கைப் பெயரைத் தம் பாட்டில் வேண்டுமென்றே ஆள்வதாகவும், சிறுவயதில் அத்தகைய பாட்டைக் கேட்க ஏங்கியதாகவும் அவர் கூறினார். சட்டம் இடந்தந்த பிறகு 'எல்லார்க்கும் பொதுவாக' என்பது தாராளமா, பழைய அச்சத்தின் எச்சமா என்ற கேள்வியை இவ்விருவரின் தெரிவுகளும் எதிரெதிரே வைக்கின்றன. 2019இல் ஸ்மித் தம்மை ஆண்பாற் பெயராலன்றி, ஆங்கிலத்தின் பலர்பாற் பெயரால் சுட்டுமாறு வேண்டினார். ஆங்கில நாளிதழ்கள் ஒருமைக்குப் பன்மைப் பெயரை எழுதத் தடுமாறின. தமிழில் 'அவர்' என்னும் சொல் மரியாதையின் பெயரால் அவ்விடத்தைப் பல நூற்றாண்டுகளாகவே நிரப்பி வந்திருப்பதால், மொழிபெயர்ப்பாளருக்கு இச்சிக்கல் இல்லை. வேண்டுகோள் விடுக்கப்பட்டது என்ற செய்தியே தமிழில் மறைந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

பாட்டுகளைத் தமிழாக்கும்போது இத்தகைய இடர்கள் பல. ஆங்கிலத்தின் பால்காட்டாப் பெயர் தமிழில் 'காதலன்' என்றோ 'காதலி' என்றோ பிளந்தாகவேண்டும். வினைமுற்று 'வந்தான்', 'வந்தாள்' எனக் காட்டிக்கொடுத்துவிடும். பாடுவோர் ஆணாயின் எதிரிலுள்ளவர் பெண் என்ற பழக்கத்தால் மொழிபெயர்ப்பாளரின் கை தானாகவே 'அவள்' என்று எழுதும். அவ்வாறு எழுதுவது பிழைதிருத்தம் போலத் தோன்றும். உண்மையில் அது தணிக்கை. 'வந்தார்' என்று தப்பினால் காதலில் இல்லாத ஒரு விலகல் புகுந்துவிடும். எஞ்சும் வழி முன்னிலை: 'அன்பே', 'உயிரே' என்ற விளிகளும் 'நீ' என்ற பெயரும் இருபாலுக்கும் பொதுவானவை. மூலமே முன்னிலையில் அமைந்த 'ஸ்மால்டவுன் பாய்' இவ்வகையில் தமிழுக்கு இணக்கமானது. ஆனால் அதன் தலைப்பில் வரும் 'பாய்' ஒருவனை வெளியிலிருந்து பார்க்கும் சொல். பாட்டினுள் அவன் 'நீ'. சிற்றூர்ப் பையன் என்று தலைப்பிட்டால் ஊரார் அழைக்கும் குரல் வந்துவிடுகிறது. பையா என்று விளியாக்கினால் தாயின் குரலாகிவிடுகிறது. அந்தத் தாயோ பாட்டில் அவனை அழைக்கவே இல்லை.